வகுப்பறைக்கு வெளியே இரண்டு ஏக்கர்

(இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றின் சிறுவர் தின விழாவில் ஆற்றிய உரை. ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டதால் பேசியதை எழுத்தில் தந்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்பு சுருக்கமாகவும் அழகாகவும் பேசி அமர்ந்த வலயக் கல்வி அலுவலக அதிகாரி அவர்களே, இந்தப் பாடசாலையின் அதிபர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஆசி வழங்க வந்திருக்கும் மாரியம்மன் கோயில் குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மதிப்புக்குரிய விகாராதிபதி அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முதல் நிகழ்ச்சியிலிருந்து உட்கார்ந்திருக்கும் தோட்ட முகாமையாளர் அவர்களே, தோட்டத் தலைவர்மார்களே, மாதர் சங்கத்துச் சகோதரிகளே, பிள்ளைக் காம்பிராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) சின்னஞ்சிறுசுகளைக் கைபிடித்துக் கூட்டி வந்திருக்கும் ஆயம்மா அவர்களே, அரை நாள் பேரை (நாட்சம்பளத்தை) விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் என் செல்லப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலில் தப்படித்து வரவேற்ற தம்பிமாருக்கு நான் தனியாக நன்றி சொல்லியாக வேண்டும். மழை வரும் என்று தெரிந்து இரவோடு இரவாகத் தகரம் போட்டு இந்தப் பந்தலை அமைத்த பழைய மாணவர் சங்கத்தினருக்கும் நன்றி. பொன்னாடை போர்த்திய பெரியவர் இந்தத் தோட்டத்தில் மூன்று தலைமுறையைப் பார்த்தவர். அவர் கையால் வாங்கியது எனக்குப் பெருமை.

எனக்குத் தந்த தலைப்பு ‘இயற்கையோடு கற்றல்’. மூன்று விடயங்களைப் பேச நினைத்து வந்திருக்கிறேன். வெளியில் போய்ப் படித்தால் பிள்ளையின் உடம்புக்கு என்ன நன்மை என்பது ஒன்று. அறிவுக்கு என்ன நன்மை என்பது இரண்டு. இதற்கு ஆசிரியர்களை எப்படித் தயார்படுத்துவது என்பது மூன்று.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். என்னிடம் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறேன். நம் குளிருக்குச் சுரைக்காய் சரியாகக் காய்க்காது. அதனால் இங்கே ஏட்டுப் போஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை நம் பாடத்திட்டத்தில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. சுற்றாடல், செயற்பாடு இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. பிள்ளை வெளியில் போக வேண்டும், தொட வேண்டும், பார்க்க வேண்டும், செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். நடப்பது என்ன? தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் அந்தப் பாடமும் வினாத்தாள் கட்டாகிவிடுகிறது. மண்ணின் வகைகளைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. சன்னலுக்கு வெளியே அதே மண் மழையில் கரைந்து ஓடுகிறது. எழுந்து போய்ப் பார்க்க நேரமில்லை.

சரி, உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பாடசாலைகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளிச்சத்தில் விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல நடந்த பாடசாலைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பாடசாலைகளில் 30.4 பேருக்குத்தான். 2015இல் வெளிவந்த ஆய்வு இது. அதற்கு மருந்தும் தேவைப்படவில்லை, செலவும் இல்லை. பின்லாந்தில் சிறுவர் பராமரிப்பு நிலைய முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து போட்டு, பிள்ளைகளை 28 நாட்கள் அதில் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். அவர்களின் தோலிலும் குடலிலும் நல்ல நுண்ணுயிர்கள் பெருகின, நோயெதிர்ப்பும் சீரடைந்ததற்கான அறிகுறிகள் இரத்தத்தில் தெரிந்தன. அவர்கள் காட்டைச் சுமந்து வந்து முற்றத்தில் போடவேண்டியிருந்தது. நமக்குக் கதவைத் திறந்தால் போதும்.

இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில்தான் பிள்ளைகளை உட்கார வைத்தார். அவரே 1934இல் நம் நாட்டுக்கு வந்து ஹொரணையில் ஸ்ரீபாலி கல்வி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே 1930களில் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் என்று ஒன்று நடந்தது. பயிர்ச்செய்கையும் கைத்தொழிலும் ஊர் வாழ்க்கையும் பாடத்தோடு கலந்து வந்தன. இலவசக் கல்வி தந்த கன்னங்கரா காலத்து முயற்சி அது. நமக்கு எட்டும் தூரத்தில் நடந்ததை நாமே மறந்துவிட்டோம்.

இனி அறிவுக்கு என்ன நன்மை என்பது. அதற்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் படிப்பித்த ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் ஐந்தில் இருந்தான். கடைசி வாங்கு. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். மக்கு என்று மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள், அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டான். ஒரு நாள் ஆறு எப்படி உற்பத்தியாகிறது என்ற பாடம். கரும்பலகையில் படம் போட்டேன். முகங்களைப் பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது. அப்போதுதான் மழை விட்டிருந்தது. வாருங்கள் என்று எல்லோரையும் பாடசாலைக்குப் பின்னால் இருந்த மலைக்குக் கூட்டிப் போனேன். கானில், அதாவது மழைநீர் வாய்க்காலில், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு காய்ந்த இலையை எடுங்கள், கானில் போடுங்கள், அது எங்கே போகிறது என்று கூடவே போய்ப் பாருங்கள் என்றேன். ஒரே கூச்சல். ‘என் இலை முன்னுக்குப் போகுது!’ ‘என் இலை மாட்டிக்கிச்சி சேர்!’ அட்டை கடிக்கிறது, யாரும் கவலைப்படவில்லை.

ஓர் இடத்தில் எல்லா இலையும் சுற்றிச் சுற்றி நின்றது. தண்ணீர் குறைந்துவிட்டது. அடைத்துக்கொண்டது என்று பிள்ளைகள் குச்சியால் குத்தினார்கள். அப்போது இந்தப் பையன் வந்தான். என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ‘அடைக்கல சேர். தண்ணி உள்ளுக்குப் போகுது’ என்றான். எங்கேடா போகிறது என்றேன். ‘இங்க மண்ணு வெடிச்சிருக்கு. கீழ பிள்ளைக் காம்பிராவுக்குப் பின்னால கலங்கலா வருது. போன மழையிலதான் ஆரம்பிச்சிச்சி. தாத்தாவோட மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போகயில பார்த்தேன்.’ அந்த வருடம் முழுவதும் அவன் பேசியதைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

கீழே இறங்கிப் போனோம். அவன் முன்னால், நாங்கள் பின்னால். அவன் காட்டிய இடத்தில் கரையின் அடியிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு அங்கே ஊற்றே இருந்ததில்லை. பத்தடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், குழந்தைகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தன.

தோட்டத் தலைவரிடம் ஓடினேன், அவர் அலுவலகத்துக்கு ஓடினார். இரண்டு நாளில் ஆட்கள் வந்து வெடிப்பைக் களிமண் போட்டு அடைத்து, கானை வேறு பக்கம் திருப்பி வெட்டினார்கள். நடந்ததை அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே ஆள் அனுப்பியிருந்தேன். மத்தியானம் கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு அந்த அம்மா ஓடி வந்தார். இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. ‘என்னா சேர் செஞ்சான்?’ என்று கேட்கும்போதே கை ஓங்கிவிட்டது. பாடசாலையிலிருந்து ஆள் வந்தால் அது முறைப்பாடு என்றுதானே நம் தாய்மாருக்குத் தெரியும்! ‘ஒன்றும் செய்யவில்லை அம்மா, இன்றைக்கு எங்களுக்கு அவன்தான் படிப்பித்தான்’ என்று நடந்ததைச் சொன்னேன். அவர் அப்படியே நின்றார். அவன் தலையில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கை எடுத்துப் போட்டார். அப்புறம், ‘வீட்டுல நாலு நாளா அந்தக் கானைப் பத்திச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான் சேர். நாங்கதான் காதுல வாங்கல’ என்றார்.

அந்தப் பையன் புலமைப்பரிசிலில் சித்தியடையவில்லை. அந்த வினாத்தாளில் அந்தக் கானைப் பற்றிக் கேள்வி வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய்க்குத்தான் அங்கே புள்ளி.

மறுநாள் ஆற்றுப் பாடத்தைத் தொடர்ந்தேன். நம் கான் தண்ணீர் ஓடையில் விழுந்து, ஓடை கொத்மலை ஓயாவில் சேர்ந்து, ஓயா மகாவலியில் கலந்து, விக்டோரியா, ரந்தெனிகல என்று ஒவ்வோர் அணையாகத் தாண்டி, 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆற்றோடு திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது என்று சொன்னேன். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை.

மண்ணைப் படிப்பது நமக்குப் பொழுதுபோக்கு இல்லை, பெரியோர்களே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொஸ்லந்தை மீரியாபெத்தையில் காலை நேரத்தில் மலை சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண் இருந்தது. நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரங்கள் சாய்வது, திடீரென்று ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குவது, இவையெல்லாம் அடையாளங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்கும் கணக்கு வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரு மழைமானியைப் பாடசாலை முற்றத்தில் வைத்து, தினமும் காலை 8.30க்குப் பிள்ளைகளே அளந்து சுவரில் எழுதட்டும். வரைபடம் போட்டால் அது கணிதம். நூலில் கல்லைக் கட்டிப் பாகைமானியில் தொங்கவிட்டால் கரையின் சரிவை அளக்கலாம், அதுவும் கணிதம். வீட்டுக்குப் போய் ‘அம்மா, இன்றைக்கு 80’ என்று பிள்ளை சொன்னால், அந்த வீடு அன்றிரவு விழித்திருக்கும்.

தாய்மாரின் மனதில் இருக்கும் கேள்வியும் எனக்குத் தெரியும். ‘நாங்கள் வெயிலிலும் மழையிலும் மலை ஏறுவது போதாதா, பிள்ளையும் ஏற வேண்டுமா? மலையை விட்டு வெளியேறத்தானே படிக்க வைக்கிறோம்?’ நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் பழைய கசப்பு இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாகப் படித்த பாடசாலையில் குழப்படி செய்தால் தண்டனை, ஆசிரியர் விடுதித் தோட்டத்தில் புல் பிடுங்குவது. அது கல்வி இல்லை, கூலியில்லாத வேலை. அப்படிப்பட்டதை நான் கேட்கவில்லை. பிள்ளையின் கையில் மண்வெட்டி வந்தால் கூடவே குறிப்புப் புத்தகமும் வர வேண்டும். விளைந்த போஞ்சி அந்தப் பிள்ளையின் பகல் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். குளவிக்கூடு உள்ள மரத்துப் பக்கம் போகக்கூடாது, இடி மின்னலில் வெளியே நிற்கக்கூடாது என்பதெல்லாம் ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டிய விடயங்கள்.

இனி நான் உண்மையில் எதற்காக வந்தேனோ அதற்கு வருகிறேன்.

வெளியே போய்ப் படி என்கிறோம். வெளியே எங்கே? இந்தப் பாடசாலையின் சுவரைத் தொட்டுக்கொண்டு தேயிலை நிற்கிறது. பந்து அங்கே போனால் பிள்ளை தயங்கித் தயங்கித்தான் எடுக்கப் போகிறது, செடி முறிந்தால் ஏச்சு விழும் என்று. நம் பாடசாலைகள் பல, தோட்டத்துக்குள் ஒரு மூலையில் கிடைத்த இடத்தில் தொடங்கியவை. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கட்டடம் கல்வித் திணைக்களத்துக்கு, சுற்றியுள்ள நிலம் தோட்டத்துக்கு என்ற நிலை இன்னும் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. ஒரு மரம் நடுவதென்றாலும் யாரிடம் கேட்பது என்று அதிபர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் இரண்டு ஏக்கர். 320 பேர்ச்சஸ். நிலஅளவை செய்து, எல்லைக்கல் நாட்டி, பாடசாலையின் பெயரில் உறுதியோடு. இந்தப் பேச்சு மேடைகளில் புதிதல்ல, நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் கேட்பது காகிதத்தில் இரண்டு ஏக்கர் இல்லை. அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். பிள்ளை கால் வைத்து நடக்கிற இரண்டு ஏக்கர். ஒரு சமதரை, ஓடி விளையாட. சரிவான பக்கத்தில் மானாப்புல்லும் நம் காட்டு மரங்களும். நாலைந்து பாத்தி கரட், லீக்ஸ், கோவா. மழைக்கு ஒதுங்கிப் பாடம் நடத்த, சுவரில்லாத ஒரு தகரக் கொட்டகை. நம் முன்னோர் தோட்ட வேலைக்கு வந்த 1823இலிருந்து கணக்கு வைத்து, 2023இல் மலையகத்தின் 200 ஆண்டை நினைவுகூர்ந்தோம். அவர்கள் வந்த வழியே மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். இந்த மலைகளை வெட்டித் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் படிக்க இரண்டு ஏக்கர் கேட்பது பேராசையா?

முகாமையாளர் அவர்களை வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். மேட்டு லயத்துக்கும் பாடசாலைக்கும் நடுவே விளைச்சல் குறைந்து காடாகிக் கிடக்கும் அந்தத் துண்டை எல்லோரும் பார்க்கிறோம். முதலில் அதிலிருந்து தொடங்கலாம்.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். தலைவரின் துண்டுச் சீட்டு வந்துவிட்டது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியேறிய இளம் ஆசிரியர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதைப் பற்றி விழா முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம். பிள்ளைகளின் நடனமும் பாக்கி இருக்கிறது.

காணி கேட்டுக் கல்வி அமைச்சுக்கும் பெருந்தோட்ட அமைச்சுக்கும் எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது, தமிழிலும் சிங்களத்திலும். பெற்றோர்கள் எல்லோரும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்க முடியாதவர்களுக்கு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள். கையெழுத்தோடு தோட்டப் பிரிவின் பெயரையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் மனு திரும்பி வரும். மழைக்கு முன்பு கீழே உள்ள பணிய லயத்துக்குப் போக வேண்டியவர்கள் முதலில் போடட்டும், மற்றவர்கள் வழிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.