குளத்தைக் கேட்டு நாள் வைப்போம்

நேயர்களுக்கு என் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் மீனைப் பற்றிப் பேசப் போகிறார் என்றால், கேட்பவரின் மனம் நேரே கடலுக்குத்தான் போகும். பாரை, ஓரா, ஒட்டி, விளைமீன் என்று சந்தையில் பெயர் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கத் தெரிந்த நாம், ஊர்க் குளத்தில் நீந்துவதையெல்லாம் 'குளத்து மீன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். அந்தக் குளத்து மீன்களைத் தொட்டியில் வளர்ப்பவர்களும், படம் பிடிப்பவர்களும், வேலை முடிந்து வரும் வழியில் மதகில் சைக்கிளைச் சாத்திவிட்டு வெறுமனே பார்த்து நிற்பவர்களுமாக, குடாநாட்டிலும் வன்னியிலும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. அவர்களை ஒரு நாள் ஓரிடத்தில் கூட்டுவதற்கு என்னென்ன ஆயத்தம் வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு சந்திப்பை நாங்களும் நடத்தினோம். பாடசாலை விடுமுறை என்பதால் ஆவணி மாதத்தில் நாள் வைத்தோம். மண்டபம் இலவசமாகக் கிடைத்தது. கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். காலையில் பேச்சுகள் முடிந்து, பிற்பகலில் எல்லோரையும் ஒரு வானில் ஏற்றிக்கொண்டு குளம் பார்க்கப் போனோம். குளம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த சேற்றில் நாலைந்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கையில் புதிய வலையோடு வந்திருந்த ஒரு மாணவன், "சேர், மீன் எங்கே?" என்று கேட்டான். இத்தனை ஆண்டுகள் விலங்கியல் படிப்பித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே மறுமொழி வரவில்லை.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அடியில் சுண்ணாம்புக்கல், மேலே விழுகின்ற மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை வழியாக அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் ஆறாகவும் கோடையில் மாடு மேயும் தரவையாகவும் இருப்பதை அந்தப் பக்கத்தார் அறிவார்கள். ஆகவே இங்கே மீன் பார்க்க நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாடசாலை நாட்காட்டியையும் எடுப்பதற்கு முன் குளத்தைப் பார்க்க வேண்டும். கார்த்திகையில் போனால் வெள்ளம் கலங்கலாக இருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவருக்குத் தன் பாதமே தெரியாது. தை மாதக் கடைசிக் கிழமைக்குள், அதாவது ஜனவரி முடிவதற்குள், மண் அடியில் படிந்து, நீர் தெளிந்து, மாரியில் பொரித்த குஞ்சுகள் இன்ன மீன் என்று அடையாளம் சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. அன்று தொடங்கி பெப்ரவரி நடுப்பகுதி வரையான மூன்று கிழமையே நமக்கு வாய்த்த காலம் என்பது என் கணிப்பு. உலக ஈரநில நாளான பெப்ரவரி 2 அதற்குள் வருவது நல்ல வசதி. வசதிக் குறைவும் உண்டு: பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டிகள் நடக்கும் காலம் அது, மண்டபமும் கிடைக்காது, மாணவர்களும் கிடைக்கமாட்டார்கள். வயலில் அரிவு வெட்டும் அப்போதுதான். எனவே பாடசாலை மண்டபத்தை மறந்துவிட்டு, குளத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு சனசமூக நிலையத்தைப் பிடிப்பதே நல்லது. நாலு வாங்கும் ஒரு மேசையும் மின்சாரமும் இருந்தால் போதும்.

அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். கோடையில் மீன் எங்கே போகிறது? விராலும் பனையேறிக் கெண்டையும் வெளிக்காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. பனையேறியின் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. வாயால் விழுங்கும் காற்றிலிருந்து பிராணவாயுவை அது எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் மழையன்று ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்கு, செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றித் தரையில் நகர்கிறது. பனையில் ஏறுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஏறி நான் பார்த்ததில்லை. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழை வரும்வரை கிடக்கும். காற்றைச் சுவாசிக்க முடியாத சிறு கெண்டைகளோ, வற்றாத பள்ளங்களிலும் ஆழமான கேணிகளிலும் ஒதுங்கியவை மட்டுமே தப்பும். ஒரு குளத்தைத் தூர்வாரி, அடியைச் சமமாக்கி, நாலு பக்கமும் கொங்கிறீற் கட்டிவிட்டால், பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். அந்தப் பள்ளங்கள் போய்விடும்.

நாள் வைத்த பிறகு அனுமதி. இங்கே உரிமையாளர் இல்லாத குளம் கிடையாது. சில கோயிலுக்குரியவை, சில பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளவை, வயலுக்கு நீர் பாய்ச்சும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. கிராம அலுவலரிடம் சொல்லி, கமக்காரர் அமைப்பின் தலைவரையும் ஒரு முறை நேரில் கண்டு, "வலை போடுவோம், படம் எடுப்போம், பிடித்ததை அங்கேயே விடுவோம்" என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டால், ஊரவர் நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கமாட்டார்கள். தீர்த்தக் கேணிகளில் வலை வைக்கவே கூடாது. 1938ஆம் ஆண்டிலேயே சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம் போன்ற இடங்களில் வனசீவராசிகள் திணைக்கள அனுமதியின்றி எதையும் பிடிப்பது குற்றம். ஆனையிறவுக்கு இப்பாலும் அப்பாலும் போர்க்கால முன்னரங்குகள் இருந்த பகுதிகளில், முகமாலைப் பக்கம் குறிப்பாக, கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்தது என்பதை வெளியூரிலிருந்து வருபவர் அறிந்திருக்கமாட்டார். "அந்தப் பற்றைக்குப் பின்னால் ஒரு குட்டை தெரிகிறது" என்று எவரும் தனியே இறங்கிவிடாமல், ஊரவர் நாளாந்தம் நடக்கும் பாதையிலேயே கூட்டிப் போக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை நாம் மறந்திருக்க முடியாது. வெள்ளம் நின்ற நீரில் வெறுங்காலோடு இறங்குவது விளையாட்டல்ல. காலில் புண்ணோ கீறலோ உள்ளவர்கள் கரையில் நிற்கட்டும். மற்றவர்கள் நீண்ட சப்பாத்து அணியட்டும். முந்திய கிழமையே அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் ஆலோசனை கேட்பது ஏற்பாட்டாளரின் வேலை.

எத்தனை பேரை அழைக்கலாம்? எங்கள் ஊர் வழக்கம், வீட்டுக்கு இரண்டு பேர் வந்தால் விழா, நூறு பேர் வந்தால் வெற்றி. மீன் பார்க்க அந்தக் கணக்கு ஒவ்வாது. ஒரு கரையில் பத்துப் பேர் நடந்தாலே குளம் கலங்கிவிடும். மொத்தம் இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். அவர்களையும் ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒரு குழு கரையில் நிற்கும்போது மற்றவர்கள் மண்டபத்தில் இருக்க வேண்டும். வீச்சுவலை வேண்டாம், கண் சிறிய அத்தாங்கு என்னும் கைவலை இரண்டும், வெள்ளை நிற வாளி மூன்றும், ஒடுங்கிய கண்ணாடிப் பெட்டி ஒன்றும் போதும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் கண்ணாடி, இடையே நாலு விரல் இடைவெளி, அவ்வளவுதான். போன மாசியில் அப்படியொரு பெட்டியில், வாய்க்கால் ஓரத்துப் புல்லடியில் கோலிய ஒரு சிறு மீனை விட்டுப் பார்த்தோம். சுண்டுவிரல் நகம் இரண்டின் நீளம் இருக்கும். மேலிருந்து வாளியில் பார்த்தபோது உச்சந்தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மட்டுமே தெரிந்தது. சிறுவயதில் நாங்கள் அதைப் பொட்டு மீன் என்போம். பக்கவாட்டில் வெயில் விழுந்ததும் உடல் முழுவதும் வரிசையாய்ச் சிறு மணிகள் ஒளிர்ந்தன, கண்ணின் விளிம்பு நீலமாயிற்று. என்னோடு வந்திருந்த கமக்காரர் ஒருவர், ஐம்பது வருடம் அந்த வாய்க்காலில் கால் கழுவியவர், குந்தியிருந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்கட வாய்க்காலிலயோ?" என்றார். இரண்டு நிமிடத்தில் மீனை அதே புல்லடியில் விட்டோம். நீரின் மேற்பரப்பில் நின்று நுளம்புக் குடம்பியைத் தின்னும் மீன் அது.

நுளம்பு என்றதும் வெளிநாட்டிலிருந்து வந்த கப்பி மீன் நினைவுக்கு வரும். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அதே ஆண்டு முடிவில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. கிணறுகளில் குடம்பியைத் தின்னக் கப்பி மீன்கள் விடப்பட்டன. மூடிய கிணற்றில் கப்பி இருப்பதில் எனக்கு வழக்கில்லை. அதை வாளியில் அள்ளிக்கொண்டுபோய்க் குளத்தில் விடுபவர்களோடுதான் வழக்கு. 1952இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று வன்னிக் குளங்களில் வலையை நிரப்புகிறது. அதனால் வயிறு நிறைந்த குடும்பங்கள் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அழகுக்கு வாங்கிய கத்தி மீனும், கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்யும் தொட்டி மீனும் பெருத்துப்போனதும் ஆற்றில் விடப்பட்டு, தெற்கே பல நீர்நிலைகளில் பெருகிவிட்டதற்கு வயிற்றுப்பாட்டைக் காரணம் சொல்ல முடியாது.

இதனால்தான், இத்தகைய சந்திப்புகளில் வழக்கமாக நடக்கும் மீன் பரிமாற்றத்தை நான் எதிர்க்கிறேன். இந்நாட்டு நன்னீர் மீன் இனங்கள் தொண்ணூறுக்கு மேல். அவற்றில் அரைவாசிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆனால் அந்த அரிய இனங்களில் மிகப் பெரும்பாலானவை தென்மேற்கின் மழைக்காட்டு ஓடைகளுக்கு உரியவை. மென்மையான, சற்றுப் புளிப்பான நீரில் பழகியவை. நம் கிணற்று நீரோ கேத்தலில் வெள்ளைப் படலம் கட்டும் கடின நீர். போதாக்குறைக்கு, தோட்டங்களுக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்றும் கலந்தது. அன்பளிப்பாகக் கிடைத்த மலைநாட்டு மீனை நம் கிணற்று நீரில் விட்டு இழந்தவர் பலர், நானும் அதில் ஒருவன். போட்டியும் பரிசும்கூட வேண்டாம். பரிசு என்று வந்துவிட்டால், இல்லாத மீனைத் தேடிக் கண்காணாத ஓடைக்குப் போவான் மனிதன். கேகாலை மாவட்டத்தில் ஒரே ஒரு சிற்றோடைதான் பந்துலா கெண்டையின் இயல்பான வாழிடம் என்று 1991இல் அறியப்பட்டது. அத்தகைய இனத்தின் இருப்பிடத்தை மண்டபத்தில் எழுந்து நின்று சொல்வது, வீட்டுத் திறப்பைச் சந்தியில் தொங்கவிடுவது போன்றது. படம் காட்டுங்கள், ஊரைச் சொல்லாதீர்கள்.

பாடம் காட்டுவதற்காக ஒன்றிரண்டு மீன்களைக் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால், கொண்டுவந்தவரே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். புறப்படுவதற்கு முதல்நாள் இரை போடாமல், பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மிகுதிக்குக் காற்றும் விட்டுக் கட்டி, றெஜிபோம் பெட்டியில் வைத்தால், ரயிலின் குளிரூட்டிய பெட்டியிலும் வெப்பநிலை அதிகம் மாறாது. பனையேறிக்குப் பையில் காற்றிடம் இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். கொண்டுவந்த நீரை வாய்க்காலில் ஊற்றவேண்டாம். முற்றத்து வெயிலில், காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

மண்டப நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடியும்போது குளக்கரையில் வெயில் ஏறிவிடும். ஆகையால் விடிய ஆறரைக்கே கரையில் நின்று, பத்து மணிக்கு மேல் மண்டபத்துக்கு வருவோம். பேச விரும்புபவர் பத்து நிமிடம் பேசட்டும். மதியத்துக்கு ஒடியற்கூழ் காய்ச்சலாம் என்று ஒரு நண்பர் சொல்ல, மீனை நேசிப்பவர்கள் கூடும் இடத்தில் மீன் போட்ட கூழா என்று இன்னொருவர் முகம் சுளித்தார். ஒரு மாலை முழுவதும் அதைப் பற்றியே வாதிட்டோம். கடைசியில் கூழ் உண்டு, அதில் கடல்மீன் மட்டும் என்று தீர்ந்தது. கோயில் வளவுக்குள் இடம் கிடைத்தால் மரக்கறிதான்.

வர நினைப்பவர்கள் வலையோ கமராவோ வாங்கவேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள குளத்தில் இந்த ஆண்டு முதல் தண்ணீர் நின்ற நாளையும், கரையில் நின்று கண்ணால் கண்ட மீன்களையும், பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் நீளத்தையும், ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். வற்றிய நாளை வைகாசியிலோ ஆனியிலோ எழுதிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். வணக்கம்.