சந்தேகங்களுக்கு விளக்கம்: எடை குறைப்பதில் அரசியல் எங்கே வந்தது?

வணக்கம். இந்த வாரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்: 83.4 கிலோ. போன வாரம் 83.9. தொடக்கத்தில் இருந்தே பார்த்து வருபவர்களுக்குத் தெரியும், 11 மாதத்துக்கு முன்பு 96-இல் ஆரம்பித்தேன்.

பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணே, எடை குறைந்த கதையைக் கேட்க உட்கார்ந்தால் பாதியில் பட்ஜெட், நாடாளுமன்றம் என்று போய்விடுகிறீர்கள். வயிற்றுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?" மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நியாயமான கேள்வி. அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

என் எடை ஏறியது தட்டால் அல்ல, கிளாஸால். இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இன்றும் சொல்கிறேன். கறிக்குழம்பு ஊற்றிய நாசி கண்டார் சோற்றை எல்லாரும் குறை சொல்கிறோம். அது எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான். டின்பால் ஊற்றி ஆற்றித் தரும் தேநீரான தே தாரிக்கோ தினமும் ஐந்து, ஆறு. ஒருநாள் வீட்டுத் தராசில் காலிக் கிளாஸை வைத்து, கடையில் தே கலக்கும் அண்ணன் ஊற்றுகிற மாதிரியே சீனி கலந்த கெட்டியான டின்பாலை ஊற்றிப் பார்த்தேன். அது கம்பியாக இறங்கி, அடியில் மடிப்பு மடிப்பாக விழுந்து, மெதுவாகச் சமமானது. 38 கிராம். அதில் ஏறக்குறைய பாதி சீனி. அப்படியென்றால் ஒரு கிளாஸில் ஏறக்குறைய 20 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே 50 கிராமுக்குள் இருக்கட்டும், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் காலைப் பசியாறலுக்கு உட்காரும்போதே 40-ஐத் தொட்டுவிடுவேன்.

சரி, அத்தனை கிளாஸ் எதற்குக் குடித்தேன்? அரசியல் பேச. அங்கேதான் சம்பந்தம் வருகிறது, தங்கச்சி. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தல் நினைவிருக்கும். 222 இடத்தில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 யாருக்கும் கிடைக்கவில்லை. நம் மலேசியாவில் முதல் தடவையாகத் தொங்கு நாடாளுமன்றம். 24-ஆம் தேதி மாலை அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்கும் வரை ஐந்து நாள், பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் உட்காரும் கடையில் யாரும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் இருந்தோம். யார் யாரோடு சேர்வார், மாமன்னர் யாரை அழைப்பார் என்று பேச்சு ஓடும். பேச்சு நீண்டால் இன்னொரு தே தாரிக். ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் போனது. பேச்சு ஓய்ந்த பிறகும் ஆறு கிளாஸ் ஓயவில்லை. அந்தப் பழக்கம்தான் என்னை 96 வரை கொண்டுபோனது.

பேச்சை விடச் சொன்னால் என்னால் முடியாது. விடவும் கூடாது, நாட்டு நடப்பைப் பேசாமல் எப்படி இருப்பது? அதனால் பேச்சை வைத்துக்கொண்டு கிளாஸை மாற்றினேன். முதல் மாதம் கூராங் மானிஸ், அதாவது இனிப்பைக் குறைத்து; அப்புறம் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். முதல் பத்து நாள் நாக்கு மறுத்தது. மூன்றாம் வாரம் தேயிலையின் ருசி தெரிய ஆரம்பித்தது. அதோடு சனிக்கிழமை காலையில் தண்ணீர்மலை முருகன் கோயில், 513 படி. முதலில் ஏழு இடத்தில் நின்றேன். இப்போது இரண்டு.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. சீனிக்கு அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையை 2013 அக்டோபர் பட்ஜெட்டில்தான் எடுத்தார்கள். கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசில் இருந்து 2 வெள்ளி 84 காசு ஆனது. அதுவரை நம் வரிப்பணத்திலேயே சீனி மலிவாகக் கிடைத்தது. பிறகு 2018 நவம்பரில், உங்கள் பாகான் தொகுதி எம்.பி. லிம் குவான் எங் நிதியமைச்சராக இருந்தபோது, இனிப்புப் பானங்களுக்கு வரி என்று பட்ஜெட்டில் அறிவித்தார். 2019 ஜூலை 1-இல் லிட்டருக்கு 40 காசு, 2024-இல் 50, 2025-இல் 90. பல வருடமாகச் சீனிக்கு எதிராகக் குரல் கொடுத்தவர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இட்ரிஸ். அந்த வரி நடப்புக்கு வர ஆறு வாரம் இருக்கும்போது, மே 17-இல் காலமானார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். அவர் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் வரி, போத்தல், டின், பாக்கெட் என்று அடைத்து விற்பதற்குத்தான். கடையில் கலக்கித் தரும் கிளாஸுக்குக் கிடையாது. சுகாதார அமைச்சின் 2023 ஆய்வுப்படி பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. அந்த ஆய்வில் உள்ள நம் குடும்பங்களை நான் கடையில் தினமும் பார்க்கிறேன்.

உங்களிடம் நான் எதிர்பார்த்த கேள்வி வேறு, தங்கச்சி. "அண்ணே, தைப்பூசத்துக்கு நீங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் என்ன ஊற்றுகிறீர்கள்?" என்று யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஏனென்றால் நாடாளுமன்றத்துக்கு முன்னால் நாம் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. எங்கள் குழுவில் 14 பேர். எத்தனையோ வருடமாக ரோஸ் சிராப்தான். பெரிய டிரம்மில் ஐஸ் போட்டு, பாக்கெட் பாக்கெட்டாகச் சீனியைக் கொட்டிக் கலக்குவோம். மலை ஏறி இறங்கி வருபவர்களுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு, அன்போடுதான் கொடுத்தோம்.

இந்த வருடம் கூட்டத்தில் நீர்மோர் என்றேன். பெரிய வாக்குவாதம். "பிள்ளைகள் குடிக்காது", "புளித்துப் போகும்", "சிவப்பாக இருந்தால்தான் பந்தலுக்கு அழகு". கை தூக்கச் சொன்னார்கள். சிராப்புக்கு எட்டு, மோருக்கு ஆறு. தோற்றேன். ஆனால் தலைவர் நல்ல மனிதர். "சரி அண்ணே, ஒரு டிரம் உங்களுக்கு" என்றார்.

அதிகாலையிலேயே என் மனைவியும் நானும் தயிர் கடைந்தோம். இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் பெருங்காயம். சீனி ஒரு துளி இல்லை. பத்தரை மணிக்கு டிரம்மில் கரண்டி அடித்தட்டில் உரசிய சத்தம் கேட்டது. பால்குடம் எடுத்து இறங்கி வந்த ஒரு பாட்டி கிளாஸை நீட்டி, "இன்னும் இருக்காப்பா?" என்றார். டிரம்மைச் சாய்த்து, இருந்ததை அவருக்கு ஊற்றினேன்.

வரும் தைப்பூசத்துக்கு இரண்டு டிரம் கேட்டிருக்கிறேன். கூட்டம் அடுத்த மாதம். பட்டர்வொர்த்துப் பக்கம் யாராவது பந்தல் போடுகிறவர்கள் இருந்தால் எழுதுங்கள், அளவுகளை அனுப்பி வைக்கிறேன்.