கார்டிஃப் ஆர்கேடுகள்: குறுகிய மனைகளில் எழுந்த கண்ணாடிக் கடைவீதிகள்

[காட்சி: செயின்ட் மேரி தெரு; இரு கடைகளுக்கு நடுவே ஒரு வாயில்]

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில், செயின்ட் மேரி தெருவில் நடந்துசெல்பவர்கள் இந்த வாயிலைக் கவனிக்காமலே கடந்துபோகக்கூடும். உள்ளே நுழைந்தால், தலைக்கு மேல் கண்ணாடிக் கூரையும் இருபுறமும் சிறு கடைகளுமாக ஒரு நடைபாதை நீண்டு, கிழக்கே உள்ள ஹேய்ஸ் என்னும் தெருவில் போய் முடிகிறது. ராயல் ஆர்கேட் என்று அழைக்கப்படும் இந்தக் கடைவீதி 1858-இல் கட்டப்பட்டது. நகரில் உள்ள ஆர்கேடுகளில் இதுவே மூத்தது. 1861-இல் பொதுமக்களின் சந்தாவால் தொடங்கப்பட்ட கார்டிஃபின் இலவச நூலகமும் முதலில் இதன் நுழைவாயிலுக்கு மேலே உள்ள மாடியில்தான் இயங்கியது.

இதைத் தொடர்ந்து ஹை ஸ்ட்ரீட், காஸில், விண்டம், மார்கன் எனப் பல ஆர்கேடுகள் அருகருகே எழுந்தன. ஒரே நகரத்தின் மையத்தில் இத்தனை ஆர்கேடுகள் ஏன் உருவாயின, அவை ஏன் இவ்வளவு ஒடுக்கமாகவும் சில இடங்களில் வளைந்தும் செல்கின்றன என்ற கேள்விக்கு விடை தேட, விக்டோரியா காலத்துக்கும் பல நூற்றாண்டுகள் முன்னால் போக வேண்டும்.

[காட்சி: நகரின் பழைய வரைபடம்]

இடைக்காலக் கார்டிஃபில் நகரவாசிகளுக்கு அளந்து கொடுக்கப்பட்ட மனைகள், முகப்பில் குறைந்த அகலமே கொண்டு, கொல்லைப்புறம்வரை வெகுதூரம் நீண்டிருந்தன. தெருமுகம்தான் விலை மதிப்புள்ளது என்பதால், அதைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்க அப்படி ஒரு முறை வசதியாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகளிலிருந்து நிலக்கரி ரயிலில் வந்து கார்டிஃப் துறைமுகம் வழியாக உலகெங்கும் போகத் தொடங்கியபோது, 1801-இல் 2,000 பேர்கூட இல்லாத அந்தச் சிற்றூர், 1901-இல் 1,60,000-க்கும் அதிகமான மக்கள் வாழும் நகரமாகிவிட்டது. கடைகளுக்கு இடம் தேவைப்பட்டது. தெருமுகமோ ஏற்கெனவே நிறைந்திருந்தது. எனவே மனையின் நீளத்தையே நடைபாதையாக்கி, இருபுறமும் கடை கட்டி, மேலே கண்ணாடி வேய்ந்துவிட்டால், முன்பு பயனற்றுக் கிடந்த கொல்லையும் வாடகை தரும் தெருமுகமாக மாறிவிடும் என்பதை நில உரிமையாளர்கள் கண்டுகொண்டார்கள். பழைய மனைகளின் எல்லைக்கோடுகள்தான் இன்றைய ஆர்கேடுகளின் போக்கில் தெரிகின்றன.

காலமும் கைகொடுத்தது. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845-இல் நீக்கப்பட்டதும் பெரிய கண்ணாடிகள் மலிவாயின. வார்ப்பிரும்புச் சட்டங்கள் அவற்றைத் தாங்கின. மழைக்குப் பேர்போன ஊரில், சேற்றிலும் குதிரை வண்டி நெரிசலிலும் சிக்காமல் கடை பார்க்க முடிந்தது என்பது வசதி படைத்த வாடிக்கையாளர்களுக்குச் சாதாரண விஷயமாக இருந்திருக்காது.

[காட்சி: மார்கன் ஆர்கேட், கேமரா மெதுவாக மேலே நகர்கிறது]

1896-இல் கட்டப்பட்ட மார்கன் ஆர்கேடுதான் இவற்றில் பழமை கெடாமல் மிக நன்றாகக் காப்பாற்றப்பட்டிருப்பது. 1879-இல் ஹேய்ஸில் துணிக்கடை தொடங்கிய டேவிட் மார்கன் தன் வணிகத்தின் விரிவாக்கமாக இதை அமைத்தார். அவருடைய பல்பொருள் அங்காடி 2005-இல் மூடப்பட்டுவிட்டது. ஆர்கேடு மட்டும் நிலைத்து நிற்கிறது. 23, 24 எண்ணுள்ள கடைகளின் முன்னால் சற்று நிற்க வேண்டும். மெல்லிய மரச்சட்டங்கள் கண்ணாடியைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், கண்ணுக்குப் பொருள்தான் தெரிய வேண்டும், சட்டம் தெரியக்கூடாது என்று தச்சர் மெனக்கெட்டிருப்பது புரியும். முதல் மாடியில் வெனிஸ் பாணி ஜன்னல்கள் வரிசையாக உள்ளன. கீழேயே பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

இதே ஆர்கேடில் இருக்கிறது ஸ்பில்லர்ஸ் ரெக்கார்ட்ஸ். 1894-இல், அன்றைய குவீன்ஸ் ஆர்கேடில், இசை பதிந்த மெழுகு உருளைகளையும் அரக்குத் தட்டுகளையும் விற்கத் தொடங்கிய இந்தக் கடை, உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடையாகக் கருதப்படுகிறது. பிற்காலத்தில் ஹேய்ஸில் இருந்தபோது வாடகை உயர்வால் மூடப்படும் நிலைக்கு வந்தது. மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் இசைக்குழுவினர் உட்படப் பலரும் அதைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார்கள். 2010-இல் அது மார்கன் ஆர்கேடுக்கு இடம்பெயர்ந்தது. ராயல் ஆர்கேடில் உள்ள வாலிஸ் என்னும் உணவுப்பொருள் கடையும் 1981-இல் தொடங்கப்பட்டது. கீழே பாலாடைக்கட்டியும் பதப்படுத்திய இறைச்சியும், மாடியில் வியன்னா பாணிக் காப்பிக்கடையும் உண்டு.

இத்தகைய தனிக்கடைகள் இங்கே தாக்குப்பிடிப்பதற்குப் பழமை மீதுள்ள பற்றுதான் காரணம் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான் என்று தோன்றுகிறது. கடையின் அளவு இன்னொரு காரணம். பெரிய வணிக நிறுவனங்கள் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி அமைக்கும் விசாலமான கடைக்கு இந்தக் குறுகிய அறைகள் போதமாட்டா. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் நினைத்தபடி சுவரை இடித்துப் பெரிதாக்கவும் முடியாது. அதனால் ஒருவரோ இருவரோ நடத்தும் கடைக்கு இங்கே இடம் மிஞ்சுகிறது.

[காட்சி: காஸில் ஆர்கேடின் மேல்தள நடைபாதை]

1880-களில் எழுந்த காஸில் ஆர்கேடில் மட்டும் மேலே ஏறிப் பார்ப்பதைத் தவறவிடக்கூடாது. மேல்தளத்தில் கடைகளின் முன்னால் ஓடும் மாடநடையிலிருந்து, கீழே வருவோர் போவோரையும் மேலே கூரையின் விலா எலும்புகளையும் ஒருசேரக் காணலாம்.

நேரம் குறைவாக உள்ளவர்கள் கார்டிஃப் கோட்டைக்கு எதிரே உள்ள வாயிலில் தொடங்கி, காஸில் ஆர்கேட் வழியாக ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்து, தெற்கே செயின்ட் மேரி தெருவில் நடந்து, ராயல் ஆர்கேடில் நுழைந்து, மார்கன் ஆர்கேட் வழியாகத் திரும்பலாம். கடைகள் திறந்திருக்கும் பகல் நேரமே இதற்கு ஏற்றது. இரவில் வாயிற்கதவுகளை அடைத்துவிடுவார்கள்.