ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதம் என்றால் இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் நிற்கும் காட்சிதான் நம் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அதற்கு முந்திய கட்டத்தைப் பற்றி. கட்சியின் சார்பில் யார் நிற்பது என்று தீர்மானிக்கும் பிரைமரி தேர்தல் காலத்தில், ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் மோதும் விவாதம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டு வாக்காளருக்கு அதிகப் பயன் தரக்கூடிய விவாதம் இதுதான். இன்று அதிகமாகக் கெட்டுக் கிடப்பதும் இதுதான்.

பொதுத்தேர்தல் மேடையில் ஒருவர் என்ன சொல்வார் என்பது அவர் கட்சியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உட்கட்சி மேடையில் அந்த வசதி இல்லை. அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே கொள்கைக்காரர்கள். எனவே திட்டத்தின் நுணுக்கமும், அதைச் சொல்பவரின் ஆழமும்தான் சோதனைக்கு வரும்.

1948க்குப் போவோம். குடியரசுக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களில் இருவரைப் பாருங்கள். ஒருவர் நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயி. அரசு வழக்கறிஞராகப் பெயர் எடுத்தவர். இன்னொருவர் மினசோட்டாவின் முன்னாள் ஆளுநர் ஹரோல்ட் ஸ்டாசன். விஸ்கான்சின், நெப்ராஸ்கா மாநிலப் பிரைமரிகளில் ஸ்டாசன் வென்றுவிட்டார். ஓரிகனும் கைவிட்டுப் போனால் டூயியின் கதை அநேகமாக முடிந்தது. அந்த நிலையில் மே 17 அன்று ஓரிகனின் போர்ட்லாண்டில் ஒரு வானொலி நிலையத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். கைதட்ட அங்கே கூட்டம் கிடையாது. அந்த இரவு முழுவதற்கும் ஒரே கேள்வி: அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்யலாமா? தொடக்க உரைக்கு ஆளுக்கு இருபது நிமிடம், மறுப்புரைக்கு எட்டரை நிமிடம்.

அந்தக் காலத்தின் சூட்டை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில்தான் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்திருந்தார்கள். தடை செய் என்று சொல்வது சுலபமான பக்கம். ஸ்டாசன் அதைத்தான் எடுத்தார். டூயி தடை கூடாது என்ற பக்கத்தில் நின்றார். கட்சியைத் தடை செய்தால் அது தலைமறைவாகும், அவ்வளவுதான். ஒரு கருத்தைத் துப்பாக்கியால் சுட்டுவிட முடியாது என்று வாதாடினார். அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் முண்ட்–நிக்சன் மசோதா என்று ஒன்று இருந்தது. அது கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்யும் மசோதா என்ற நம்பிக்கையில் ஸ்டாசன் தம் வாதத்தையே அதன்மேல் கட்டியிருந்தார். அது அப்படிச் செய்யாது என்று அதைக் கொண்டுவந்தவர்களே சொல்லியிருப்பதை டூயி எடுத்துக் காட்டினார். வழக்கு மன்றத்தில் நடக்கும் குறுக்கு விசாரணை போலவே இருந்தது. நான்கு நாள் கழித்து ஓரிகன் மக்கள் டூயிக்கு வாக்களித்தார்கள். கட்சியின் வேட்பாளரும் அவரே ஆனார்.

நவம்பரில் அவர் ட்ரூமனிடம் தோற்றார் என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியமானது அந்த ஒரு மணி நேரம். அச்சம் நாட்டையே ஆட்டிக்கொண்டிருந்த காலத்தில், எந்த வாக்கு தேவையோ அந்த வாக்கைப் போடப்போகிறவர்களிடம், அவர்களில் பலருக்குப் பிடிக்காத பதிலை ஒருவர் முழுதாகச் சொல்லி முடிக்க அந்த ஏற்பாடு இடம் கொடுத்தது.

இதே பயனை 2008லும் பார்க்கிறோம். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்ட ஒபாமாவுக்கும் ஹிலரி கிளின்டனுக்கும் மருத்துவக் காப்பீட்டில் ஒரு குறிப்பிட்ட வேறுபாடு இருந்தது. எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட வேண்டும் என்றார் ஹிலரி. இல்லாவிட்டால் உடல்நலம் உள்ளவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள், நோயாளிகள் மட்டும் உள்ளே வருவார்கள், திட்டம் தாங்காது என்பது அவர் வாதம். முதலில் விலையைக் குறையுங்கள், வாங்க முடியாதவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார் ஒபாமா. கிளீவ்லாந்து மேடையில் இந்த ஒன்றைப் பற்றியே கால் மணி நேரம் விடாமல் மோதிக்கொண்டார்கள். வென்றவர் ஒபாமா. ஆனால் 2010இல் அவர் கையெழுத்திட்ட சட்டத்தில் அந்தக் கட்டாயப் பிரிவு இருந்தது. மேடையில் தோற்றவரின் வாதம் சட்டப் புத்தகத்தில் ஏறியது. ஹிலரி அவருடைய வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார்.

கட்சிப் பெரியவர்கள் வழக்கமாக ஓர் எதிர்வாதம் வைப்பார்கள்: வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்தது போலாகும். இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் 1988. மாசசூசெட்ஸ் சிறைக் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுத்த திட்டத்தைப் பற்றி, அம்மாநில ஆளுநர் டுகாக்கிசிடம் ஜனநாயகக் கட்சியின் நியூயார்க் பிரைமரி விவாதத்தில் சக போட்டியாளர் அல் கோர் கேட்டார். பிறகு அதே விஷயத்தைக் குடியரசுக் கட்சி வேட்பாளர் புஷ் தரப்பு கையில் எடுத்து டுகாக்கிசை நொறுக்கியது. கோர் கேட்டதால்தான் வினை வந்தது என்பார்கள். நான் இதை ஏற்கமாட்டேன். அந்தத் திட்டமும், விடுப்பில் போன கைதி ஒருவர் திரும்பாமல் வெளியே செய்த கொடுமையும் ஏற்கெனவே செய்தித்தாளில் வந்தவை. கோர் ஏப்ரலில் கேட்டார். தேர்தல் நவம்பரில். பதிலைச் சீர்ப்படுத்திக்கொள்ள டுகாக்கிசுக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. சொந்தக் கட்சிக்காரர் கேட்ட கேள்வி அவருக்குக் கிடைத்த நல்ல எச்சரிக்கை.

இனி சீரழிவுக்கு வருகிறேன். 2019 ஜூனில் மயாமியில் ஜனநாயகக் கட்சி நடத்திய முதல் விவாதத்தில் இருபது பேர். இரவுக்குப் பத்துப் பேராக இரண்டு இரவுகள். ஒரு பதிலுக்கு அறுபது விநாடி, எதிர்ப்பதிலுக்கு முப்பது விநாடி. இரண்டாம் இரவில் கமலா ஹாரிஸ் ஜோ பைடனைப் பார்த்து, கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் ஒரே பள்ளியில் சேர்ப்பதற்காகப் பேருந்தில் ஏற்றி அனுப்பிய முறையை 1970களில் ஏன் எதிர்த்தீர்கள் என்று கேட்டார். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள், அப்படிப் பேருந்தில் போன சிறுமி தானே என்றும் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. பைடன் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே வந்து, என் நேரம் முடிந்தது என்று நிறுத்திக்கொண்டார்.

எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம் அது. அமெரிக்காவின் ஆழமான கேள்விகளில் ஒன்று அது. மத்திய அரசு நீதிமன்றத்தின் வழியே பள்ளிகளைக் கலக்கச் சொல்லலாமா, உள்ளூர் மக்களே முடிவு செய்யட்டுமா என்று இருவரும் அரை மணி நேரம் வாதாடியிருந்தால், அடுத்த ஆண்டு அதிபர், துணை அதிபர் வேட்பாளர்களாகச் சேர்ந்து நின்ற அந்த இருவரின் எண்ணமும் நாட்டுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தலைப்பை எடுத்தால் மாலை முழுதும் அதிலேயே நிற்கும் பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அறுபது விநாடி எதற்குக் காணும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேடைக்கே வராமல் இருப்பது இன்னொரு கேடு. 1980இல் ரீகன் அயோவா விவாதத்துக்குப் போகவில்லை, அயோவாவில் தோற்றார். அடுத்து நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா விவாதத்துக்குப் பணத்தையும் தாமே கொடுத்து வந்து நின்றார். தம் ஒலிவாங்கியை அணைக்கச் சொன்ன நடுவரிடம் இதற்குப் பணம் கொடுப்பவன் நான் என்று சீறினார். அங்கே பெருவெற்றி பெற்றார். வராதவனை வாக்காளர் தண்டித்த காலம் அது. 2023இல் டிரம்ப் தம் கட்சியின் ஒரு விவாதத்துக்கும் வரவில்லை. வேட்பாளராகவும் ஆனார், அதிபராகவும் ஆனார். இனி முன்னணியில் இருக்கும் எவரும் இதையே காரணமாகக் காட்டுவார்கள் என்பது என் கவலை.

ஆகவே 2028க்கு விதி வகுக்கப்போகும் இரு கட்சிகளின் தேசியக் குழுக்களிடமும் என் கோரிக்கை இது. பத்துப் பேரை ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். சீட்டுக் குலுக்கி இருவர் இருவராக அழையுங்கள். கூட்டத்தை வெளியே வையுங்கள். ஓர் இரவுக்கு ஒரு கேள்வி கொடுங்கள். வராதவரின் நாற்காலியைக் காலியாகவே போட்டு, அவர் எதிராளிக்கு முழு நேரத்தையும் கொடுங்கள்.

முதல் இரவுக்கான கேள்வியையும் தருகிறேன். வேறொரு நாட்டின்மேல் போர் தொடுக்கும் முடிவை அதிபர் தனியாக எடுக்கலாமா, காங்கிரசின் ஒப்புதல் வேண்டுமா? பதில் சொல்ல ஆளுக்கு இருபது நிமிடம்.