துணை இல்லாத நேரத்தில்

நேயர்களுக்கு வணக்கம். ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, நம் மூளையை என்ன செய்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நேராகப் போலந்துக்குப் போய்விடலாம். ஏனென்றால் அங்கே சிக்கியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல, கைதேர்ந்த மருத்துவர்கள்.

பெருங்குடலுக்குள் கேமராவை விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோபி பலருக்கும் தெரிந்ததுதான். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சின்னச் சின்னக் கட்டிகள் குடலின் மடிப்புகளுக்குள் இருக்கும். சில தட்டையாக, சுற்றியுள்ள சவ்வின் நிறத்திலேயே இருந்து ஏமாற்றும். ஏஐ கருவி, சந்தேகப்படும் இடத்தைத் திரையிலேயே கட்டம் போட்டுக் காட்டிவிடும். அங்கே நான்கு மையங்களில் 2021 கடைசியில் இது வந்தது. ஆனாலும் சில பரிசோதனைகள் ஏஐ இல்லாமலே நடந்தன. ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தது அவற்றைத்தான். கருவி வருவதற்கு முந்தைய மூன்று மாதங்களில், இப்படித் துணையின்றிச் செய்த பரிசோதனைகளில் 28.4 சதவீதத்தில் கட்டி பிடிபட்டது. கருவி வந்த பிறகு, அது இல்லாமல் செய்தவற்றில் 22.4 சதவீதம்தான். அத்தனை பேரும் 2,000 பரிசோதனைக்கு மேல் செய்தவர்கள்! வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும், தானே தேடும் பழக்கம் கண்ணைவிட்டு இவ்வளவு சீக்கிரம் போகுமா என்பது எனக்குப் பெரிய கவலை.

சரி, மூளையே கெட்டுவிடுமா? வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 54 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சாட்ஜிபிடியை வைத்துக் கட்டுரை எழுதியவர்களின் மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு, துணையின்றி எழுதியவர்களைவிடக் குறைவாக இருந்தது. தாங்கள் எழுதியதிலிருந்து ஒரு வரியைக்கூடப் பலரால் சொல்ல முடியவில்லை. எழுதும் நேரத்தில் மூளை எவ்வளவு உழைத்தது என்பதைத்தான் இது காட்டுகிறது. மூளைக்குச் சேதம் என்று சொல்ல இது போதாது.

எனக்கு நம்பிக்கை தருவது துருக்கி. அங்கே ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் சோதித்தார்கள். கேட்டதும் விடை சொல்லும் ஏஐயோடு பழகியவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள். அப்புறம் ஏஐ இல்லாமல் தேர்வு வைத்தால், பயிற்சியில் ஏஐ கொடுக்கப்படாதவர்களைவிட 17 சதவீதம் குறைவு. இன்னொரு குழுவுக்கு, ஆசிரியர்கள் சொன்னபடி குறிப்பு மட்டும் தரும் ஏஐ. அவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையின் கையிலிருந்து பிடுங்க வேண்டாம். முதலில் தானே ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். முட்டிக்கொண்டால், “விடை வேண்டாம், அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு” என்று கேட்கச் சொல்லுங்கள். தமிழிலேயே கேட்கலாம். நன்றி, வணக்கம்.