பெரிய காசோலையும் 17ஆம் பக்கமும்

வணக்கம். என் சட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் தெரிகிறதா? இன்று சனிக்கிழமை, சிங்கப்பூரில் கொடி நாள்: அறநிறுவனங்களுக்காக உண்டியல் ஏந்தி, போடுகிறவர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் நாள். தேக்கா நிலையச் சந்தை வாசலில் இரண்டு மாணவிகள் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வெள்ளி நோட்டை நான்காக மடித்துப் போட்டேன். “யாருக்கம்மா போகிறது?” என்று கேட்டேன். ஒருத்தி உண்டியலைத் திருப்பி, எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். குறை சொல்லவில்லை, போடுகிறவர்களும் கேட்பதில்லை. பின்னால் கேட்பது மீன்கடைச் சத்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அறநிறுவனங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, அலுக்கவில்லையா?” என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். எனக்கு அலுத்தது பெரிய காசோலைதான். மேடையில் நான்கு பேர் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே, கதவளவு அட்டை, அது. ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்தேன். வழவழப்பான பிளாஸ்டிக் உறை. போன ஆண்டுத் தொகையை அழித்த தடம் புது எண்ணுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. படம் எடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதினால் செய்தி முடிந்தது. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் மட்டும் மறுநாள் தொலைபேசி அலறும்.

நான் நிருபராக வேலைக்குச் சேர்ந்தது 2005இல். அந்த ஜூலையில்தான், சிறுநீரக நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் வழக்கு. தலைமை நிர்வாகி டி.டி. துரையின் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் குழாய் பொருத்தப்பட்டதாக ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் முந்தைய ஆண்டு எழுதியிருந்தது. அதற்காக நாளிதழ்மீது வழக்குத் தொடுத்த துரையும் அறநிறுவனமும், விசாரணையின் இரண்டாம் நாளே அதை மீட்டுக்கொண்டார்கள். அதற்குள் ஆண்டுக்கு 600,000 வெள்ளிச் சம்பளம், முதல் வகுப்பு விமானப் பயணம் எல்லாம் சபைக்கு வந்துவிட்டன. ஊரெல்லாம் குழாயைப் பற்றியே பேச்சு. எனக்கு உறைத்தது கையிருப்பு. மூன்று ஆண்டுதான் தாங்கும் என்று சொல்லப்பட்ட பணம், சிகிச்சைச் செலவை மட்டும் பார்த்தால் முப்பது ஆண்டுக்கு மேல் வரும் என்பது தெரிந்தது. தொலைக்காட்சியில் நன்கொடை நிகழ்ச்சி வந்தால் தவறாமல் தொலைபேசியை எடுப்பவர் என் அம்மா. அன்றிரவு ஒன்றும் பேசாமல், வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டிருந்த எங்கள் குழாயடியில் பாத்திரம் கழுவினார்.

அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2007இல் அறநிறுவனங்களுக்கு வழிகாட்டும் அறக்கொடை மன்றம் வந்தது, நிர்வாக நெறிமுறை வந்தது. நிதி திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியை இன்று கடைநிலை ஊழியரும் சொல்வார். நாங்கள் நிருபர்களும் மாறினோம். கையிருப்பு என்ற சொல்லைக் கண்டாலே மோப்பம் பிடிக்கத் தொடங்கினோம்.

அந்த மோப்பம்தான் என்னைக் கவிழ்த்தது. ஒரு முதியோர் இல்லம், பெயர் வேண்டாம். ஆண்டறிக்கையில் நான்கு ஆண்டுச் செலவுக்கான தொகை இருந்தது. ‘பணத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் இல்லம்’ என்ற தொனியில் எழுதிவிட்டேன். காலை ஒன்பதுக்குள் அவர்களின் கணக்காளர் கூப்பிட்டார்.

“தம்பி, 17ஆம் பக்கத்தைப் புரட்டினீர்களா?”

“இல்லை அக்கா.”

“புரட்டிவிட்டுப் பேசுங்கள்.”

பொடி எழுத்தில் கணக்குக் குறிப்புகள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி புதிய கட்டடத்துக்கென்றே நன்கொடையாளர்கள் கொடுத்தது. அரிசி வாங்க அதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது. கட்டுப்பாடுள்ள நிதி, கட்டுப்பாடற்ற நிதி என்று இரண்டு பத்திகள். நான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தேன். மறுநாள் உள்பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? மாதாமாதம் கொடுத்துவந்த சிலர் நிறுத்திவிட்டதாக அக்கா பின்னர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். சமையலறையில் உணவுத் தட்டுகளின் விளிம்பில் துணிக்கிளிப்புகள்: சிவப்பு என்றால் உப்பில்லாதது, பச்சை என்றால் மசித்தது, மஞ்சள் சர்க்கரை நோயாளிக்கு. சமையல்காரம்மாவின் யோசனையாம். தட்டு மாறிப்போவது நின்றுவிட்டது. அந்த ஆண்டு என் மேசைக்கு வந்த செய்திக் குறிப்புகளில் பாதிக்கு மேல் ‘புத்தாக்கம்’ என்ற சொல் இருந்தது. பெரும்பாலும் கைத்தொலைபேசிச் செயலிகள். ஒரு பொட்டலம் துணிக்கிளிப்புக்கு யாரும் செய்திக் குறிப்பு அனுப்புவதில்லை.

“நான் யாருக்கும் நன்கொடை கொடுத்ததில்லை” என்று பெருமையடிக்கும் நண்பர் ஒருவர் உண்டு. சம்பளச் சீட்டை எடுக்கச் சொன்னேன். சிண்டா என்று ஒரு வரி. இந்தியச் சமூகத்தின் முன்னேற்றத்துக்காக 1991இல் தொடங்கிய அமைப்பு; விலகிக்கொள்ளாத இந்திய ஊழியர் ஒவ்வொருவரிடமிருந்தும் சம்பளத்துக்கு ஏற்ப மாதம் 1 முதல் 30 வெள்ளி வரை போகிறது. மனிதர் பல ஆண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்! சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

இப்போது என் பையில் மூன்று ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, இந்த ஸ்டிக்கர்காரர்களுடையது. அடுத்த காணொளியில் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கப் போகிறேன். முன்பக்கச் சிரிப்புப் படங்களுக்குக் கடைசியில் வரலாம். இருங்கள், அந்த மாணவிகள் மறுபடி இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். ஸ்டிக்கரைக் காட்டுகிறேன், ஆனாலும் உண்டியல் குலுங்குகிறது.