முட்டை நாற்றம் அடங்கினால் தொட்டிக்குள் இறங்கலாமா?

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கணவருக்கு ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை. "கழிவுத் தொட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வருமாம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுமாம். அதற்குப் பிறகு இறங்கலாமா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இறங்கவே கூடாது அம்மா. நாற்றம் போகவில்லை, மூக்கு மரத்துவிட்டது. அது ஹைட்ரஜன் சல்பைடு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், மூக்குக்குத் தெரிந்துவிடும். 100 பங்கானால் சில நிமிடங்களில் மோப்பமே போய்விடும். 1,000 பக்கம் போனால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார்.

தோலில் முடி கழற்றச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் காரம் இருக்கும்வரை வாயு அடங்கிக் கிடக்கும். அமிலத் தண்ணீர் அதே கால்வாயில் வந்து கலந்தால் கிளம்பிவிடும். அடியில் கிடக்கும் சகதியைக் கிளறினாலும் வரும். காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்திலேயே தங்கும். கைக்குட்டை கட்டினால் நிற்காது.

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் தாத்தா கிணற்றில் தூர் வார ஆள் இறக்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். அணைந்தால் அன்று வேலை கிடையாது. மூக்கை நம்ப மாட்டார். ஆனால் தோல் ஷாப் தொட்டியில் விளக்கு இறக்கிவிடாதீர்கள், இந்த வாயு தீப்பிடிக்கும். அங்கே வாயு அளக்கும் மீட்டர்தான். மூக்கை நம்பாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

சரி, தங்கை கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உங்கள் கணவர் என்ன செய்வார்? இறங்குவார். கூட வேலை செய்கிறவர் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்? அப்படித்தான் ஒரு சாவு மூன்றாகிறது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவிலேயே இதற்கு வழி எழுதிவைத்தார்கள். தகுதி உள்ளவர் சோதித்து, ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவர் சுவாசக் கருவியும் இடுப்பில் பெல்ட்டும் மாட்ட வேண்டும், பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கயிறு இருந்தால் இரண்டாவது ஆள் இறங்காமலே இழுத்துவிடலாம்.

இன்றிரவு போனில் பேசும்போது, மீட்டர் இருக்கிறதா, கயிற்றை யார் பிடிக்கிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.